கடலுக்குப் போன தெரு

பொத்தைக்குளத்தில் வீடுகள் நடக்க ஆரம்பித்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ரேஷனில் பாமாயில் வந்த வருஷம் என்பார் ஒருவர், குளம் உடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் கெண்டை துள்ளிய வருஷம் என்பார் இன்னொருவர். ஆனால் முதலில் நடந்தது லூர்துமேரி டீச்சர் வீடுதான் என்பதிலும், அதைக் கட்டியவள் கண்டக்டர் சின்னத்துரை மகள் தங்கபுஷ்பம்தான் என்பதிலும் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது.

தங்கபுஷ்பம் மெட்ராஸுக்குப் போய் ஆர்க்கிடெக்ட் படிப்பு படித்தவள். அப்படி ஒரு படிப்பு இருப்பதே ஊருக்குத் தெரியாது. "மக என்ஜினியருக்கா படிக்கா?" என்று பஸ்ஸில் கேட்பவர்களிடம் சின்னத்துரை முதலில் பொறுமையாக விளக்கிப் பார்த்தார். "அப்ப கொத்தனாருக்கும் என்ஜினியருக்கும் நடுவுலயா?" என்று திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் அலுத்துப்போய், "வீட்டுக்குப் படம் போடுற வேல" என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தார். அதனால் அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் கல்யாண வீட்டுச் சுவரில் மயில் வரைந்து தரச் சொல்லி நாலு பேராவது வந்து நின்றார்கள்.

படிப்பு முடிந்து மெட்ராஸிலேயே ஒரு பெரிய ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவள் ஒருத்திதான் பெண். ஹோட்டலும் பேங்கும் கல்யாண மண்டபமும் மற்றவர்களுக்குப் போக, அவள் மேஜைக்கு அடுப்படிகள் மட்டும் வந்தன. "உங்களுக்குத்தானம்மா அது தெரியும்" என்றார் ஆபீஸ் பெரியவர். அவளுக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது. ஆனாலும் முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டி, அடுப்படியில் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெங்காயம் நறுக்கிக் கொடுத்தபடி, "கிண்டும்போது எதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்னு உங்களுக்கு ஆசை?" என்று கேட்டாள். ஒருத்தி முருங்கை மரம் என்றாள், ஒருத்தி பஸ் போகிற ரோடு என்றாள், ஒருத்தி கரண்டியோடு அழுதாள். தங்கபுஷ்பம் அத்தனை அடுப்படிக்கும் ஜன்னல் வைத்தாள், பெரியவர் அத்தனை ஜன்னலையும் அழித்தார். ஒரு சாயங்காலம் அவர் ரப்பரை எடுப்பதற்குள் அவள் தன் வரைபலகையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள்.

ஊரில் செல்வின் சைக்கிள் கடை மாடியில் போர்டு மாட்டி உட்கார்ந்தாள். ஈ, காக்கைகூட வரவில்லை. பெண்பிள்ளை நூல் பிடித்தால் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று கீழே டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். முதல் ஆளாகப் படியேறி வந்தது லூர்துமேரி டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட, வாடகை வீடுகளில் எல்லாம் "எப்ப காலி பண்ணுவீங்க" என்று கேட்கப்பட்டே தலை நரைத்த டீச்சர். ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம், முள் மண்டிய உடங்காட்டுக்குள், மலிவாக ஒரு மனை வாங்கியிருந்தார்.

"டீச்சர், வீடு எதைப் பாத்து இருக்கணும்?"

"அங்க உடமரத்தத் தவிர என்ன இருக்கு பாக்கதுக்கு?"

"இருக்கத வச்சுச் சொல்லாதிய. ஆசைய வச்சுச் சொல்லுங்க."

டீச்சர் கொஞ்சம் வெட்கப்பட்டு, "பள்ளிக்கூட வாசலப் பாத்து இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

வீடு எழும்பியது. சுவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. டீச்சர் குடிபோய் ஒரு மழைக்காலம் முடிந்து வெயில் அடித்த முதல் காலையில், அவர் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது, வீடு எழுந்தது. அதற்குக் கால் முளைத்ததா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காலெல்லாம் இல்லை. கல்யாணப் பந்தியில் புதிதாக ஒருவர் வந்தால் உட்கார்ந்தபடியே நகர்ந்து இடம் விடுவோமே, அந்த மாதிரி நகர்ந்து நகர்ந்து, உடங்காட்டைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு வந்து நின்றது. கேட் மூடியிருந்தது. தூத்துக்குடி பாசஞ்சர் போகும் வரை வீடு காத்திருந்தது. கேட் கீப்பர் முதலில் சைக்கிள்களை விட்டார், பிறகு ஒரு வைக்கோல் வண்டியை விட்டார், பிறகு வீட்டைப் பார்த்து, "ம், போ போ" என்று கையசைத்தார். டீச்சர் ஜன்னல் வழியாக அவருக்கு வணக்கம் சொன்னார். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, செல்வின் சைக்கிள் கடைக்கும் அரச மரத்துக்கும் நடுவில் சும்மா கிடந்த புறம்போக்கில் வீடு வந்து உட்கார்ந்தபோது, இட்லி பதமாக வெந்திருந்தது.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள அரை நாள் பிடித்தது. பால்காரி புது வாசலில் பாலை ஊற்றிவிட்டு, "இனிமே ரயில்வே கேட்டத் தாண்ட வேண்டாம், எங்காலு தப்பிச்சு" என்றாள். மறுநாளே தங்கபுஷ்பத்தின் மாடிப்படியில் கூட்டம். வீடு நடக்குமா என்று யாரும் கேட்கவில்லை, ரெண்டு மாடி வைத்தாலும் நடக்குமா என்றுதான் கேட்டார்கள்.

அதற்கப்புறம் பொத்தைக்குளத்தில் அவள் கட்டாத தெரு இல்லை. கட்டிய வீடுகள் எல்லாம் நடந்தன என்று சொல்ல முடியாது. இருந்த இடமே பிடித்துப்போன வீடுகள் அசையவே இல்லை. மற்றவை நேரம் பார்த்து நகர்ந்தன. கோடையில் குளத்தங்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு ஆவணியில் திரும்பின. பாகம் பிரித்துச் சண்டை போட்ட அண்ணன் தம்பி வீடுகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி உட்கார்ந்து, தம்பிக்குப் பெண் பிறந்த அன்று ஒரே நேரத்தில் திரும்பி முட்டிக்கொண்டன. தவசிக்கனி என்பவன் கள்ளுக்கடையே கதி என்று கிடந்தான். அவனுடைய வீடு பட்டப்பகலில் கள்ளுக்கடை வாசலுக்கே போய் நின்றது. உள்ளே அடுப்பில் கருவாடு மணக்க, பெண்டாட்டி வாசல்படியில் நின்று, "வாரியளா, இல்ல நாங்க எல்லாரும் உள்ள வரட்டுமா?" என்று கேட்டாள். வீடு இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுமோ என்று பயந்து கடைக்காரனே அவனைத் தூக்கிக்கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுப் போனான்.

கரண்ட் ஆபீஸில் நடக்கிற வீடுகளுக்கென்று வயரைச் சுருள் சுருளாகச் சுற்றிக் கொடுத்தார்கள். பத்திரம் எழுதுகிறவர்கள்தான் திண்டாடினார்கள். நாலு எல்லை எழுத வேண்டிய இடத்தில் 'வடக்கே தற்சமயம் ஒரு வேப்பமரம்' என்று எழுதி, 'தற்சமயம்' என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டார்கள். தபால்காரர் வீட்டு நம்பரைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசல் கோலத்தின் கையெழுத்தைப் பார்த்துத் தபால் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

பொத்தைக்குளத்தின் பெரிய தெரு தேரோடும் தெரு. அதில் பெரிய வீடு எண்ணெய் மில் நமச்சிவாயம் வீடு. அவருடைய அப்பா காலத்தில் கருங்கல்லும் தேக்குமாகக் கட்டியது, இடி விழுந்தாலும் அசையாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருக்கு நடக்கிற வீடுகளைக் கண்டால் ஆகாது. ஆனால் அந்தத் தெருவிலேயே பாதிப் பேர் பழைய வீட்டை இடித்துவிட்டுத் தங்கபுஷ்பத்தை வைத்துக் கட்டிவிட்டதால் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

அப்படி இருக்கும்போது சர்க்காரிலிருந்து காலனிக்கு வீடு கட்டித்தரும் திட்டம் வந்தது. காலனி ஊருக்கு வெளியே, செங்கல் சூளைக்கும் சுடுகாட்டுக்கும் அப்பால் இருந்தது. அது ஏன் அங்கே இருந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை. அங்கிருந்து வேலைக்கு ஊருக்குள் வரலாம், குடியிருக்க வரக்கூடாது. அந்த வேலையைத் தங்கபுஷ்பம் கேட்டு வாங்கினாள். வீடு வீடாகப் போய், ஓலைக் குடிசைகளில் குனிந்து நுழைந்து, தரையில் உட்கார்ந்து, எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள். முதலில் பதில் சொன்னது மாடத்தி. தேரோடும் தெருவில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். ஊரில் பாதிப் பிள்ளைகள் பூமிக்கு வந்ததும் முதலில் பார்த்த முகம் அவளுடையது.

"எதப் பாத்து இருக்கணும்னா, ஆஸ்பத்திரியப் பாத்து இருக்கட்டும். பிரசவம்னு ஆள் வந்து கூப்புடும்போது இம்புட்டுத் தூரம் ஓடி ஓடி முட்டி தேஞ்சு போச்சு."

"அக்கா, அது தேரோடுற தெரு."

"தெரியும். நாந்தான் தெனமும் கூட்டுதேன்."

"அங்க வந்தா சும்மா விடுவாங்களா?"

மாடத்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "நாங்க போனாத்தானம்மா தப்பு? வீடு போனா நாங்க என்ன செய்ய முடியும்?"

அடுத்த குடிசையிலும் ஊருக்குள்தான் என்றார்கள், அதற்கடுத்ததிலும். தங்கபுஷ்பம் அன்று திரும்பி வரும்போது செங்கல் சூளைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றாள். வீடு நடந்தால் முதல் கல் யார் மேல் விழும் என்று அவளுக்குத் தெரியும். நடக்காத வீடாகக் கட்டிவிடலாமா என்று அவள் யோசித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு ஆபீஸுக்கு வந்து, அத்தனை வீட்டுக்கும் ஜன்னல் வைத்து வரைந்தாள்.

கட்டி முடித்தார்கள். காலனி வீடுகள் அசையவில்லை. மாதக்கணக்கில் அசையவில்லை. தங்கபுஷ்பத்துக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. பங்குனியில் ஒரு காலை, சங்கு ஊதி மில் ஆட்கள் உள்ளே போன நேரம், அவை வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சுவர்களும் நீலக் கதவுகளுமாக, ஜன்னல்களில் துணி காய, கூரை மேல் சேவல் கூவ, வாசல்படிகளில் பெண்கள் தலை பின்னியபடி உட்கார்ந்திருக்க, செங்கல் சூளையைத் தாண்டி, கண்மாய்க் கரையில் வரிசை கட்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தன. சின்னப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கி, "வெலகு வெலகு" என்று கத்திக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடம் தானாகவே விட்டுவிட்டது. தங்கபுஷ்பம் செருப்புப் போட மறந்து மாடியிலிருந்து ஓடிவந்தாள். சிரிக்கிறாளா மூச்சு வாங்குகிறாளா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

தேரோடும் தெரு முனையில் நமச்சிவாயமும் இன்னும் சிலரும் தேர்ச் சக்கரத்தை நிறுத்தப் போடுகிற கட்டைகளைக் கொண்டுவந்து குறுக்கே போட்டிருந்தார்கள். மாடத்தியின் வீடு முன்னால் வந்து, கட்டையைக் கண்டதும் நின்றது. பின்னால் வந்தவையும் நின்றன.

"திருப்புட்டி வீட்ட!" என்று கத்தினார் நமச்சிவாயம்.

"ஸ்டேரிங்கு இல்லையே மொதலாளி" என்றாள் மாடத்தி.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதனாலேயே ஒரு கல் பறந்து வந்து ஜன்னல் கண்ணாடி உடைந்தது. ஒரு குழந்தை வீறிட்டது. அப்போதுதான் அது நடந்தது. தேரோடும் தெருவில் இருந்த வீடுகள், தங்கபுஷ்பம் கட்டிய வீடுகள், அசைந்தன. சொந்தக்காரர்கள் உள்ளே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏ, எங்க போற, நில்லு" என்று கெஞ்சக் கெஞ்ச, வடக்கே இருந்தவை வடக்கே ஒதுங்கின, தெற்கே இருந்தவை தெற்கே ஒதுங்கின. ஊர்த் தலைவர் பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு வாசலில் நின்றபடி மூன்று கடை தள்ளிப் போய்ச் சேர்ந்தார். தெருவில் இடம் விழுந்தது. கட்டையைச் சுற்றிக்கொண்டு காலனி வீடுகள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன. மாடத்தி படியிறங்கி, உடைந்த கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு, எதிரே ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள்.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். சிலர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள், ஒரு குடும்பம் சாமானைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனது, ஒருவர் ராவோடு ராவாகக் குறுக்குச் சுவர் எழுப்பினார், காலையில் அவருடைய வீடே சுவருக்கு அந்தப்புறம் போய் உட்கார்ந்திருந்தது. நமச்சிவாயம் மேலிடத்துக்கு மனு எழுதினார். காலனி வீடுகளைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பவும், அவற்றைக் கட்டியவள் இனி எங்கும் எதையும் கட்டாதபடி அவள் உரிமத்தைப் பிடுங்கவும் உத்தரவு தயாரானது. அதை நிறைவேற்ற ராஜமாணிக்கம் என்ற அதிகாரி ஜீப்பில் வருகிறார் என்று தகவல் வந்தது.

தங்கபுஷ்பம் அன்று குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டி, உரிமத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தேரோடும் தெருவுக்குப் போனாள். வரைபலகை இல்லாமல் வாழ்வது எப்படி என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். தெருவில் ராஜமாணிக்கத்தின் ஜீப் நின்றுகொண்டிருந்தது. தெரு இல்லை. கோயில் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, நமச்சிவாயம் வீடும் அதைப்போலப் பழைய வீடுகள் சிலவும் அங்கங்கே விழாத பற்கள் மாதிரி நின்றன. மற்றதெல்லாம் வெறும் மண்.

"எங்கம்மா உங்க கட்டடங்கள்?" என்றார் ராஜமாணிக்கம்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கம்பவுண்டர் சொன்னார்: "என்னா வெயிலு சார். பிள்ளைக ரெண்டு நாளா கடலு கடலுன்னு அழுதுச்சு. லூர்துமேரி டீச்சர் வீடு முன்னால போச்சு, எல்லாம் பின்னாலயே போயிட்டு."

ஜீப்பில் அவளையும் ஏற்றிக்கொண்டு அவர் கடற்கரைக்குப் போனார். தேரிக்காட்டுச் செம்மண் மேடுகளில் வீடுகள் போன தடம் அகலமாகக் கிடந்தது. கடைசி மேட்டில் ஏறியதும் டிரைவர் தானாகவே ஜீப்பை நிறுத்திவிட்டான். கீழே கரை நெடுக வீடுகள், எல்லாம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. முன்வரிசை வீடுகள் வாசல்படியை அலையில் நனைத்துக்கொண்டிருந்தன. ஊர்த் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நண்டு துரத்தினார். இந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து அந்த வீட்டு மொட்டை மாடிக்குப் பிள்ளைகள் தாவினார்கள். எந்த அடுப்பில் யாருடைய மீன் வேகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, மணம் மட்டும் ஒன்றாக வந்தது. உப்புக் காற்றும் மணலும் ஒட்டி எல்லாச் சுவரும் ஒரே நிறத்தில் இருந்தன, கதவுகள் எல்லாம் காற்றுக்கு உள்பக்கமாகத் திறந்து கிடந்தன.

ராஜமாணிக்கம் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நடந்தார். "இதுல காலனி வீடு எது?" என்று ஒருவரைக் கேட்டார்.

"நேத்து வந்ததுலேருந்து எடம் மாறி எடம் மாறி உக்காருது சார், எவன் கண்டான்?"

"இது உங்க வீடுதானா?"

"சோறு இங்கதான் தின்னேன். அப்ப எங்க வீடாத்தான் இருக்கும்."

அவர் தங்கபுஷ்பத்திடம் வந்தார். "நீங்கதானே கட்டினது. நீங்க காட்டுங்க."

அவள் பார்த்தாள். ஒவ்வொரு ஜன்னலும் அவள் வைத்தது, ஒவ்வொன்றும் யாருடையது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். "காட்ட மாட்டேன் சார்" என்றாள். கைப்பையைத் திறந்து உரிமத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். "இதுக்குத்தானே வந்திய, எடுத்துக்கிடுங்க. இனிமே கட்டாட்டாலும் பரவால்ல. கட்டுனது போதும்."

அவர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வீடு சத்தமில்லாமல் நகர்ந்து வந்து வெயிலை மறைத்தது. அதன் ஜன்னலிலிருந்து லூர்துமேரி டீச்சர் ஒரு தட்டை நீட்டினார். "நிழல்ல உக்காந்து சாப்பிட்டுட்டு எழுதுங்க தம்பி. சீலா மீனு."

அவர் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு, மேற்படி இடத்தில் மேற்படி கட்டடங்கள் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உரிமத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். தங்கபுஷ்பம் அதைக் கைப்பைக்குள் வைக்கத் தோன்றாமல், இடுப்பில் செருகிக்கொண்டு, மணலில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டாள்.

ஊரில் நமச்சிவாயத்துக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு பக்கமும் வீடு இல்லாததால் காற்று ஊளையிட்டது. பேச ஆள் இல்லை, திட்டவும் ஆள் இல்லை. அவர் மனைவி செண்பகவல்லி முதல் நாள் பொறுத்துப் பார்த்தாள். மறுநாள், "அங்க எல்லாரும் இருக்காக, இங்க சுவத்தோட எவ பேசுவா?" என்று சொல்லிவிட்டு, ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவர் தனியாகப் பழைய சோற்றைத் தின்றுகொண்டு கருங்கல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வெக்கை தணிந்து வீடுகள் திரும்பி வருகின்றன என்று கேள்விப்பட்டதும் சட்டை போடாமல் தெருவுக்கு ஓடிவந்தார். சாயங்கால வெயிலில் வந்துகொண்டிருந்தன. போன வரிசையில் வரவில்லை. தலைவர் வீட்டுக்குப் பக்கத்தில் காலனி வீடு, அதற்குப் பக்கத்தில் தவசிக்கனி வீடு, அதை ஒட்டி டீச்சர் வீடு என்று கலைந்து கலைந்து வந்து, கண்ட இடத்தில் உட்கார்ந்தன. தங்கபுஷ்பம் ஏதோ ஒரு மொட்டை மாடியில் நின்று கையசைத்தபடி வந்தாள். தெரு நிறைந்துகொண்டே வந்தது, அவர் வீட்டு ஓரத்துக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அந்தக் கருங்கல்லைக் கண்டதும் எல்லா வீடும் ஒதுங்கித் தள்ளிப் போய் உட்கார்ந்தன. கடைசியாக ஒரு நீலக் கதவு வீடு வந்தது. அதன் வாசல்படியில் மாடத்தியும், அவள் தோளில் சாய்ந்து கொட்டாவி விட்டபடி செண்பகவல்லியும் உட்கார்ந்திருந்தார்கள். வீடு அவரையும் தாண்டிப் போகப் பார்த்தது.

நமச்சிவாயம் அதன் பின்னாலேயே இரண்டு எட்டு ஓடினார்.

"இங்க... இங்க எடம் கெடக்கு" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள் செண்பகவல்லி. "எங்களுக்கே கேக்கல, வீட்டுக்கு எப்படிக் கேக்கும்?"

"எம்மா மாடத்தி!" தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார் அவர். "இங்க வாங்கம்மா! எம் பக்கத்துல எடம் கெடக்கு!"

வீடு நின்றது. யோசிப்பது போலக் கொஞ்சம் ஆடியது. பிறகு நகர்ந்து நகர்ந்து வந்து, கருங்கல் சுவரோடு சுவர் ஒட்டி உட்கார்ந்தது. ஜன்னலிலிருந்து கொஞ்சம் கடல் மணல் அவர் தலையில் கொட்டியது. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை, ஓடிப்போய்த் தன் வீட்டு வாசலில் கிடந்த தேர்க்கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வீட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார், அது மறுபடி எங்கும் போய்விடாதபடி. மாடியில் நின்ற தங்கபுஷ்பம் சிரித்துச் சிரித்து முடியாமல் அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டாள்.